ஒளி கண்ணாடியைச் சிதைக்கும் விதம்

ஒளியை ஏற்றுக்கொள்ளக் கண்ணாடியின் எலெக்ட்ரான்களுக்கு வழியில்லை. அதனால்தான் ஒளி அதைக் கடந்து செல்கிறது. தூய சிலிக்காக் கண்ணாடியில் பிணைப்புக்குள் கட்டுண்டு கிடக்கும் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 9 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். நியோடிமியம் லேசர் உமிழும் 1,064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) சுமந்து வருவதோ 1.17 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் ஊதாகூட 3 எலெக்ட்ரான் வோல்ட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தனித்தனியாக வரும் ஃபோட்டான்களால் எலெக்ட்ரானை அசைக்க முடியாது. ஆனால் ஒளியின் செறிவு ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் ஃபோட்டான்கள் தனித்தனியாக வருவதில்லை. அப்போது ஒளிபுகும் பொருள் என்ற நிலையே அந்தப் புள்ளியில் முடிந்துபோகிறது.

அந்த எல்லையை எட்டப் பெரிய ஆற்றல் தேவையில்லை. ஒரு மைக்ரோஜூல் என்பது ஒரு மில்லிகிராம் எடையைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தப் போதுமான ஆற்றல். அதையே 100 ஃபெம்டோ வினாடிக்குள் (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது வினாடியைப் பத்து கோடி கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு) ஒரு துடிப்பாக அடக்கி, 2 மைக்ரோமீட்டர் அகலமுள்ள புள்ளியில் குவித்தால், அங்கே செறிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு முந்நூறு லட்சம் கோடி வாட் ஆகிறது. தரையில் விழும் நண்பகல் வெயிலின் செறிவு அதே பரப்புக்கு 0.1 வாட். இத்தகைய குவிமையத்தில் ஒளியின் மின்புலம் மீட்டருக்கு ஆயிரம் கோடி வோல்ட்டைத் தாண்டும். சிலிக்கா மின்காப்புத் தன்மையை இழப்பது ஏறத்தாழ நூறு கோடி வோல்ட்டில்.

தியோடர் மைமன் 1960இல் முதல் ரூபி லேசரை இயக்கியபோது அதன் துடிப்புகள் நீண்டவை, உச்சத்திறன் குறைந்தவை. 1962இல் மைமன் பணியாற்றிய அதே ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் ஹெல்வார்த்தும் மெக்ளங்கும், தேக்கிவைத்த ஆற்றலை ஒரே வீச்சில் வெளிவிடும் உத்தியைச் செய்துகாட்டினார்கள். உச்சத்திறன் மெகாவாட்டுகளுக்கு ஏறியது. உடனே லென்ஸுகளிலும் கண்ணாடிகளிலும் லேசருக்கு உயிரான ரூபித் தண்டிலுமே விரிசல்கள் தோன்றின. 1964இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹெர்ச்சர், லேசர் கற்றை சென்ற பாதையில் கண்ணாடிக்குள் மெல்லிய நீண்ட தடங்கள் பதிவதை அறிவித்தார். லேசரின் திறனுக்கு உச்சவரம்பு விதிப்பது அதன் சொந்தக் கண்ணாடிகளே என்பது அப்போதே புலப்பட்டது. அமெரிக்காவின் போல்டர் நகரில் 1969இல் தொடங்கிய லேசர் சேத மாநாடு இந்த ஒரே சிக்கலுக்காகப் பல பத்தாண்டுகளாகக் கூடிவருகிறது.

எலெக்ட்ரான்கள் விடுபடும் வழிகள்

எலெக்ட்ரான்கள் இரண்டு வழிகளில் விடுபடுகின்றன. முதலாவதில், ஓர் எலெக்ட்ரான் பல ஃபோட்டான்களை ஒரே கணத்தில் விழுங்குகிறது. 800 நானோமீட்டர் ஒளியில் 9 எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்ட ஆறு ஃபோட்டான்கள் வேண்டும். ஆறும் ஒரே நேரத்தில் வந்து சேரும் வாய்ப்பு செறிவின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. செறிவு இரட்டித்தால் இந்த நிகழ்வு 64 மடங்காகும். சாதாரண வெளிச்சத்தில் நடக்கவே வாய்ப்பில்லாத ஒன்று குவிமையத்தில் வெள்ளமாக நடப்பதற்கு இதுவே காரணம். செறிவு மேலும் ஏறினால் மின்புலமே பிணைப்பின் ஆற்றல் தடையை வளைத்து மெலிதாக்கிவிடும். எலெக்ட்ரான் அதைத் தாண்டாமலே ஊடுருவி வெளியேறும். வேறுவேறாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே நிகழ்வின் இரு எல்லைகள் என்பதை மாஸ்கோவின் லியோனிட் கெல்டிஷ் 1964இல் ஒரே சூத்திரத்தில் அடக்கிக் காட்டினார். இத்துறையின் கணக்குகள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இரண்டாவது வழி, பெருக்கம். விடுபட்ட எலெக்ட்ரான் லேசரின் மின்புலத்தில் அலைக்கழிக்கப்பட்டு, அணுக்களோடு மோதும்போதெல்லாம் ஒளியிலிருந்து ஆற்றல் சேர்க்கிறது. போதிய ஆற்றல் சேர்ந்ததும் அடுத்த மோதலில் மற்றோர் எலெக்ட்ரானைத் தட்டி விடுவிக்கிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. நாற்பது தலைமுறைகள் கடந்தால் ஒற்றை எலெக்ட்ரான் ஒரு லட்சம் கோடியாகிவிடும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 10²¹ என்ற அளவை எலெக்ட்ரான்கள் எட்டும்போது, 1,064 நானோமீட்டர் ஒளிக்குக் கண்ணாடி உலோகம்போல் நடந்துகொள்ளத் தொடங்குகிறது. அதுவரை தடையின்றிக் கடந்த ஒளியை, விடுபட்ட எலெக்ட்ரான்களின் திரளான இந்தப் பிளாஸ்மா உறிஞ்சுகிறது, ஒரு பகுதியைத் திருப்பியும் அனுப்புகிறது. துடிப்பின் எஞ்சிய ஆற்றலில் பெரும்பங்கு அந்தச் சின்னஞ்சிறு பருமனுக்குள்ளேயே கொட்டுகிறது.

இத்தனைக்குப் பிறகும் அணுக்கள் அசைவதில்லை. மிகக் குறுகிய துடிப்பு முடிந்துபோகும் தறுவாயில் எலெக்ட்ரான்கள் கொதித்துக்கொண்டிருக்கும், சிலிக்கன், ஆக்ஸிஜன் அணுக்கள் ஏறத்தாழக் குளிர்ந்தே இருக்கும். எலெக்ட்ரான்களின் வெப்பம் அணுக்களுக்கு இறங்கச் சில பிகோ வினாடிகள் (ஒரு பிகோ வினாடி ஆயிரம் ஃபெம்டோ வினாடி) ஆகும். அதன்பின் உருகலும் ஆவியாதலும், உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்த அலையும் தொடங்கும். விரிசல் ஓடுவது நானோ வினாடிக் கணக்கில், வெப்பம் வடிவது மைக்ரோ வினாடிக் கணக்கில். கண்ணாடி உடைந்ததைக் காணும் வேளையில் அதை உடைத்த ஒளி போய் வெகு நேரமாகியிருக்கும்.

துடிப்பின் நீளமும் சேதத்தின் இயல்பும்

சேதத்தைத் தொடங்கிவைக்கும் மிகக் குறைந்த ஆற்றல் அடர்த்தியைச் சேத வரம்பு என்பார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல் என்று அதைக் குறிப்பது வழக்கம். சில பத்து பிகோ வினாடி முதல் சில பத்து நானோ வினாடி வரையுள்ள துடிப்புகளில் இந்த வரம்பு, துடிப்பு நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயர்வதாக அளவீடுகள் காட்டின. துடிப்பை நான்கு மடங்கு நீட்டினால் பொருள் இரு மடங்கு ஆற்றலைத் தாங்கும். வர்க்கமூலம் என்பது வெப்பக் கடத்தலின் முத்திரை. எங்கோ ஓரிடத்தில் சேரும் வெப்பம் துடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் பரவித் தப்புகிறது என்று அதற்குப் பொருள்.

துடிப்பு சுமார் 10 பிகோ வினாடிக்குக் கீழே இறங்கியதும் இந்த விதி முறிகிறது. 1994இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூரூவின் குழு இதை அறிவித்தது. 1995இல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தின் குழுவும் விதி முறிவதைக் கண்டது. ஆனால் ஒரு புள்ளியில் இரு குழுக்களும் முரண்பட்டன. மிகக் குறுகிய துடிப்புகளில் சேத வரம்பு மீண்டும் உயர்கிறது என்றது மிச்சிகன். வேகம் குறைந்தாலும் இறக்கம் தொடர்கிறது என்றது லிவர்மோர். 5 ஃபெம்டோ வினாடி வரை இறங்கி வியன்னாவில் எடுத்து 1998இல் வெளியான அளவீடுகளிலும் வரம்பு தொடர்ந்து இறங்கியது.

இந்த முறிவில் எண்களைவிட முக்கியமானது சேதத்தின் இயல்பே மாறிவிடுவது. நானோ வினாடித் துடிப்புகளில் சேதம் நிகழ்தகவுக்கு உட்பட்டது. ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரே ஆற்றலை நூறு இடங்களில் செலுத்தினால் சில இடங்கள் வெடிக்கும், சில இடங்களில் சுவடே இருக்காது. ஃபெம்டோ வினாடித் துடிப்பில் எல்லை கூர்மையானது. சிலிக்காவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஓரிரு ஜூல் என்ற அளவைத் தாண்டினால் எங்கே செலுத்தினாலும் சேதம், சற்றுக் குறைத்தால் எங்கேயும் இல்லை. நீண்ட துடிப்பு கண்ணாடியின் குறைகளைத் தேடிப்பிடிக்கிறது. குறுகிய துடிப்புக்குக் குறைகள் தேவையில்லை, அது கண்ணாடியையே நேரடியாக முறிக்கிறது. லேசர் சேதம் என்ற துறை முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

குறைகளின் கதை

நீண்ட துடிப்புகளில் தூய கண்ணாடி வியப்பூட்டும் அளவுக்கு வலியது. அதை வீழ்த்துவது அதனுள் புதைந்த துணுக்குதான். ஒளியை உறிஞ்சும் ஒரு துகள் சில நானோ வினாடிகளில் பல்லாயிரம் டிகிரிக்குச் சூடேறும். சுற்றியுள்ள கண்ணாடியும் சூடாகி, அதன் ஆற்றல் இடைவெளி (எலெக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) சுருங்கி, அதுவும் ஒளியை உறிஞ்சத் தொடங்கும். துகள் தொடங்கிவைத்ததைக் கண்ணாடியே முடித்துக்கொள்கிறது. எல்லாத் துகள்களும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. மிகச் சிறிய துகளின் வெப்பம் உடனுக்குடன் வெளியே கசிந்துவிடும். மிகப் பெரிய துகளை அதே நேரத்துக்குள் சூடேற்றப் போதிய ஆற்றல் கிடைக்காது. 10 நானோ வினாடியில் வெப்பம் சிலிக்காவுக்குள் பரவும் தொலைவு 100 நானோமீட்டர் அளவுதான். ஏறத்தாழ அந்த அளவுள்ள துகள்கள், அதாவது சாதாரண நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியாதவை, மிகக் கொடியவை. ஹாப்பர், உல்மன் என்ற ஆய்வாளர்கள் 1970இல் இந்தக் கணக்கை விரிவாக எழுதினார்கள்.

அவர்களுக்குக் கவலை தந்த துகள் பிளாட்டினம். லேசர் கண்ணாடியைச் சீராக உருக்கப் பிளாட்டினக் கலமே சிறந்தது, ஆனால் கலத்திலிருந்து நுண்ணிய உலோகத் துணுக்குகள் கண்ணாடிக்குள் வந்துவிடும். 1980களின் நடுவில் லிவர்மோரில் நோவா லேசர் முழுத் திறனை நோக்கி ஏறியபோது அதன் பாஸ்பேட் கண்ணாடித் தகடுகளுக்குள் இந்தத் துணுக்குகளைச் சுற்றி விரிசல்கள் பூத்தன. கண்ணாடி உற்பத்தியாளர்கள் கண்ணாடியை உருக்கும் உலையின் சூழலை ஆக்ஸிஜனேற்றம் மிகுந்ததாக மாற்றினார்கள். அதில் பிளாட்டினம் துணுக்காக நிற்காமல் அயனியாகக் கரைந்துவிடும். கரைந்த பிளாட்டினம் கண்ணாடியின் நிறத்தைச் சற்று மாற்றும், வெடிக்காது. நோவாவின் தகடுகள் புதிய கண்ணாடிக்கு மாறின. லேசர் இயற்பியலின் ஒரு பெரிய தடை உலைக்குள் எந்த வாயுவைச் செலுத்துவது என்ற தீர்மானத்தால் நீங்கியது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

உட்புறம் தூய்மையானதும் சிக்கல் மேற்பரப்புக்கு நகர்ந்தது. மெருகேற்றிய கண்ணாடி கண்ணுக்குப் பளிங்குபோல் தெரிந்தாலும் அதன் மேல்தோலுக்கு அடியில் அரைக்கும்போது உண்டான நுண்விரிசல்கள் மூடிக் கிடக்கும். மெருகேற்றப் பயன்படும் சீரியம் ஆக்ஸைடின் மிச்சங்கள் அவற்றுக்குள் தங்கும், அவை புற ஊதா ஒளியை உறிஞ்சும். விரிசலின் முகங்களில் அறுந்து நிற்கும் பிணைப்புகளும் உறிஞ்சும். போதாததற்கு, விரிசலின் வடிவமே ஒளியின் மின்புலத்தை உள்ளூரப் பெருக்கும். இயற்பியலாளர் நிக்கொலாஸ் புளூம்பெர்கன் 1973இல் காட்டியது இதுதான்: மேற்பரப்பில் உள்ள கீறலும் துளையும் புலத்தைச் செறிவாக்கி, உட்புறம் தாங்கும் செறிவில் மேற்பரப்பை முறியவைக்கின்றன.

இரண்டு மேற்பரப்புகளில் முதலில் உடைவது பெரும்பாலும் ஒளி நுழையும் முகம் அல்ல, வெளியேறும் முகமே. வெளியேறும் முகத்தில் ஒளியின் ஒரு சிறு பகுதி உட்பக்கமாகத் திரும்புகிறது. வந்த அலையும் திரும்பிய அலையும் அங்கே ஒத்துச் சேர்கின்றன. நுழையும் முகத்தில் அவை எதிர்த்துக் கழிகின்றன. ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியில் வெளியேறும் முகத்தின் செறிவு நுழையும் முகத்தைவிட 1.44 மடங்கு என்று கணக்கு சொல்கிறது. பிளாஸ்மாவும் இந்த ஓரவஞ்சனைக்குத் துணைபோகிறது. முன்முகத்தில் பிறக்கும் பிளாஸ்மா கண்ணாடிக்கு வெளியே காற்றில் விரிந்து, பின்னே வரும் ஒளியை மறித்துத் திரையாக நிற்கும். பின்முகத்தில் ஒளி கண்ணாடி வழியாகவே வருவதால் உறிஞ்சும் பகுதி ஒளி வரும் திசையில் கண்ணாடிக்குள் வளர்கிறது. அங்கே உண்டாகும் பள்ளத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் உருகி உறைந்த கரடுமுரடான குழி தெரியும். அதைச் சுற்றி, உருகாமலே பிளந்து பெயர்ந்த சில்லுகளின் வட்டமும், விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் கூரிய விரிசல்களும் இருக்கும். உருகிய பகுதி வெப்பத்தின் வேலை, பெயர்ந்த பகுதி அழுத்த அலையின் வேலை.

தன்னைத்தானே குவிக்கும் ஒளி

ஹெர்ச்சர் கண்ட மெல்லிய தடங்களுக்குக் காரணம் வேறு. வலிய ஒளி தான் செல்லும் பொருளின் ஒளிவிலகல் எண்ணைச் சற்றே உயர்த்தும். கற்றையின் நடுவில் செறிவு அதிகம் என்பதால் அங்கே எண்ணும் அதிகமாகி, தட்டையான கண்ணாடியே குவிலென்ஸாகிவிடுகிறது. கற்றை குவிய, செறிவு கூடுகிறது. செறிவு கூட, குவிதல் இன்னும் வலுக்கிறது. இதை முடிவுசெய்வது செறிவு அல்ல, கற்றையின் மொத்தத் திறன். சிலிக்காவில் 1,064 நானோமீட்டர் ஒளிக்கு அந்த எல்லை சுமார் 4 மெகாவாட். கற்றையை அகலமாக்கினாலும் எல்லை மாறாது, குவியும் தொலைவுதான் தள்ளிப்போகும். ஹெர்ச்சரின் அறிவிப்பு வந்த அதே 1964இல் இயற்பியலாளர்கள் சியாவ், கார்மையர், டவுன்ஸ் மூவரும் ஒளி இப்படித் தன்னையே சிறைப்படுத்திக்கொள்ளும் என்ற விளக்கத்தை வெளியிட்டார்கள். பெரிய லேசர்களின் கற்றை இந்த எல்லையைப் பல மடங்கு தாண்டியது. முழுக் கற்றையும் ஒரே புள்ளியில் குவிவதற்குள் அதில் உள்ள சின்னச் சின்னச் செறிவு ஏற்றத்தாழ்வுகள் தனித்தனி இழைகளாகக் குவிந்துவிடும். தூசி படிந்த ஒரு லென்ஸ் அடுத்துள்ள கண்ணாடிகளுக்கு ஆபத்தாவது இப்படித்தான். நுண்துளை வழியாகக் கற்றையைச் செலுத்தி அந்த ஏற்றத்தாழ்வுகளை இடையிடையே வடிகட்டுவது இன்று எல்லாப் பெரிய லேசர்களிலும் உண்டு.

பெருக்கும் கண்ணாடிக்குள் துடிப்பின் உச்சத்திறன் இந்த எல்லையை நெருங்காதபடி பார்த்துக்கொள்ளும் வழியை 1985இல் ராச்செஸ்டரில் டோனா ஸ்ட்ரிக்லண்டும் மூரூவும் கண்டார்கள். குறுகிய துடிப்பை முதலில் நேரத்தில் பல மடங்கு நீட்டி, நீண்ட நிலையில் பெருக்கி, கடைசியில் சுருக்குவது அவர்கள் முறை. 2018ஆம் ஆண்டு நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு பெற்றுத் தந்தது இதுதான். கண்ணாடி உடையும் என்ற அச்சமே அந்தக் கண்டுபிடிப்பின் வேர்.

வளரும் சேதமும் பழுதுபார்த்தலும்

லேசரால் அணுக்கரு இணைவைத் தூண்ட லிவர்மோரில் இன்று இயங்கும் தேசியப் பற்றவைப்பு மையத்தில் 192 கற்றைகள் உண்டு. எல்லாம் சேர்ந்து 351 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் சுமார் 20 லட்சம் ஜூல் தருகின்றன. ஒவ்வொரு கற்றையும் ஏறத்தாழ 10,000 ஜூலைச் சுமந்து, 40 சென்டிமீட்டர் அளவுள்ள சதுர சிலிக்கா லென்ஸ் வழியாகச் செல்கிறது. புற ஊதா ஃபோட்டான் ஒவ்வொன்றும் 3.5 எலெக்ட்ரான் வோல்ட் கொண்டது. மூன்று சேர்ந்தாலே சிலிக்காவின் ஆற்றல் இடைவெளி நிரம்பிவிடும், குறைகளுக்கு ஒன்றே போதும். ஆகவே சேதம் அங்கே அன்றாட விஷயம்.

ஒரு புள்ளி சேதமடைவதால் மட்டும் லென்ஸ் பயனற்றுப் போவதில்லை. அந்தப் புள்ளி அடுத்தடுத்த துடிப்புகளில் வளர்வதுதான் ஆபத்து. வெளியேறும் முகத்தில் ஒருமுறை பள்ளம் விழுந்துவிட்டால் அது கூட்டு வட்டிபோல் பெருகும். ஒவ்வொரு துடிப்பிலும் ஏற்கெனவே உள்ள அளவின் ஒரு விகிதம் கூடிக்கொண்டே போகும். 50 மைக்ரோமீட்டர் பள்ளம் மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்தால் பின்னால் வரும் கற்றையின் வடிவமே கெட்டுவிடும். அதனால் கற்றைகள் சென்று சேரும் இலக்கு அறையின் நடுவில் ஒரு கேமராவை நிறுத்தி லென்ஸுகளைப் படமெடுத்து ஒவ்வொரு புள்ளியின் வளர்ச்சியையும் கண்காணிக்கிறார்கள். வளரும் புள்ளியின்மேல் ஒளி படாதபடி கற்றையின் தொடக்கத்திலேயே சிறு நிழலிட்டு அதன் வளர்ச்சியை நிறுத்திவைக்கிறார்கள். நிழல்கள் மிகும்போது லென்ஸைக் கழற்றி, சிலிக்கா நன்கு உறிஞ்சும் கார்பன் டை ஆக்ஸைடு லேசரின் அகச்சிவப்பு ஒளியால் பள்ளத்தைச் செதுக்கி, விரிசலற்ற வழவழப்பான கூம்புக் குழியாக்கி மீண்டும் பொருத்துகிறார்கள். புது லென்ஸ்களை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் சார்ந்த குளியலில் அரித்து, விரிசல்களின் உறிஞ்சும் முகங்களை முன்கூட்டியே அகற்றுவதும் நடக்கிறது. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் பெற்ற சோதனையைப் பற்றிப் பேசும்போது இலக்கு உருண்டையும் அணுக்கருக்களுமே முன்னிற்கின்றன. அத்தனை ஆற்றலைத் தாங்கிய லென்ஸ்களின் பின்னே நாற்பதாண்டுக் கண்ணாடிப் பராமரிப்பு இருக்கிறது.

கருவியாக மாறிய சேதம்

சேதத்தை வேண்டுமென்றே உண்டாக்கும் துறைகளில் மிகப் பழகிய ஒன்று கண் மருத்துவம். கண்புரை அறுவைக்குப் பின் உள்வைத்த செயற்கை லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு சிலருக்கு மங்கலாகிவிடும். மருத்துவர் சில நானோ வினாடி நீளமுள்ள, சில மில்லிஜூல் லேசர் துடிப்புகளால் அந்தச் சவ்வில் ஒரு திறப்பு உண்டாக்குகிறார். சவ்வு ஒளியை உறிஞ்சுவதில்லை. குவிமையத்தில் பிறக்கும் பிளாஸ்மாவே அதைக் கிழிக்கிறது. குவிமையம் சற்று முன்னே வந்துவிட்டால் உள்வைத்த பிளாஸ்டிக் லென்ஸில் பொட்டுப்போல் ஒரு பள்ளம் விழும். அதைத் தவிர்க்க மருத்துவர் குவிமையத்தைச் சவ்வுக்குச் சற்றுப் பின்னால் வைக்கிறார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமான ஆரோலேப் 1992 முதல் செய்துவரும் உள்விழி லென்ஸ்கள் போன்றவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஃபெம்டோ வினாடித் துடிப்புகள் இதை இன்னும் நுணுக்கமாக்கின. எல்லை கூர்மையானது என்பதால் ஆற்றலை அதற்குச் சற்று மேலே வைத்தால் கற்றையின் உச்சிமுனை மட்டுமே பொருளை மாற்றும். மாறும் இடம் குவிமையத்தைவிடவும் சிறியதாக இருக்கும். துடிப்பு முடிந்த பிறகே வெப்பம் பிறப்பதால் சுற்றுப்புறம் கருகுவதில்லை. 1990களில் மிச்சிகனில் ஒரு மாணவரின் கண்ணில் தற்செயலாக லேசர் பட்டபோது விழித்திரையில் இருந்த காயம் வழக்கத்துக்கு மாறாகத் துல்லியமாக இருப்பதை மருத்துவர் கவனித்தார். கருவிழிப்படலத்தைக் கத்தியின்றி ஃபெம்டோ வினாடி லேசரால் வெட்டும் முறை வளர அது ஒரு தூண்டுதலாயிற்று.

கண்ணாடிக்குள் ஆற்றலைப் படிப்படியாகக் கூட்டினால் மூன்று வகை மாற்றங்கள் கிடைக்கின்றன. குறைந்த ஆற்றலில் ஒளிவிலகல் எண் மட்டும் மென்மையாக மாறும். 1996இல் ஜப்பானின் ஹிராவோ குழு இந்த மாற்றத்தைக் கோடாக இழுத்து, கண்ணாடிக்குள் ஒளியைக் கடத்தும் பாதைகளை வரைந்தது. உயர்ந்த ஆற்றலில் குவிமையம் வெடித்து, நடுவில் வெற்றிடமும் சுற்றிலும் நெருக்கப்பட்ட கண்ணாடிச் சுவரும் கொண்ட, ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய குமிழ் உருவாகும். ஹார்வர்டில் எரிக் மஸூரும் சகாக்களும் 1990களின் பிற்பாதியில் விவரித்தது இது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஆற்றலில் எதிர்பாராத ஒன்று நடக்கிறது: ஒளியின் அலைநீளத்தைவிடக் குறுகிய இடைவெளியில் அடுக்கடுக்கான தகடுகள் தாமாகவே உண்டாகின்றன. தகடுகள் நிற்கும் திசையை ஒளியின் மின்புலத் திசை தீர்மானிக்கிறது. பீட்டர் கசான்ஸ்கியும் கியோட்டோ ஆய்வாளர்களும் 2003இல் இந்த அடுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள்.

அடுக்குகளின் திசை, அவை ஒளியைத் தாமதப்படுத்தும் அளவு, கண்ணாடிக்குள் இருக்கும் முப்பரிமாண இடம் ஆகிய ஐந்து அளவுகளிலும் தகவலைக் குறிக்கலாம். சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையைப் பின்பற்றி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் 75 மில்லிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு சிலிக்காத் தகட்டில் 1978ஆம் ஆண்டு வெளியான சூப்பர்மேன் திரைப்படத்தை முழுவதுமாகப் பதிந்து மீட்டெடுத்தது. இதில் படிப்பதற்கு எழுதிய லேசர் தேவையில்லை. முனைவாக்கப்பட்ட சாதாரண ஒளியைத் தகட்டின் ஊடே அனுப்பி, ஒவ்வொரு புள்ளியும் அதை எவ்வளவு திருப்புகிறது என்று நுண்ணோக்கிக் கேமரா பதிவு செய்கிறது, கணினி நிரல் அதைத் தகவலாக மாற்றுகிறது.